மூன்றாம் நம்பர்

எங்கள் தகப்பனாருடைய மேஜையின் வலப்பக்கத்து இழுப்பறையில், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கும் நாக்கை அழுத்திப் பிடிக்கும் தட்டைக் கரண்டிக்கும் நடுவே, இரு முனையும் ஒடிந்து ஒரு விரல் நீளமே மிஞ்சிய ஹாக்ஸா பிளேடுத் துண்டு ஒன்று, மற்ற உபகரணங்களுக்குக் கிடைத்த அதே மரியாதையோடு பல வருஷங்கள் குடியிருந்தது. வைத்தியத்துக்கு வந்தவர்களில் சிலர் தற்செயலாக அதைக் கண்டுவிட்டு, டாக்டர் எலும்பை அறுக்கிற ஆயுதம் அதுதான்போலும் என்று மருண்டதுண்டு. உண்மையில் அது எதையும் அறுத்ததில்லை. அதன் பற்களைக்கூட அரம் கொண்டு ராவி வழவழப்பாக்கியிருந்தார் அப்பா. அந்தப் பிளேடின் கனம் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 25 பங்கு. எங்கள் அம்பாஸிடர் காரின் ஸ்பார்க் பிளக்கில் இரு முனைகளுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியும் அதே 25 பங்கு. இந்தச் சூட்சுமத்தை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர் லாரி மேஸ்திரி. ஒரு டாக்டர் எதற்காக ஒரு மேஸ்திரியிடம் பாடம் கேட்கப் போனார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் பிறந்த ஊர் என்று எங்கள் வத்தலக்குண்டுக்குப் பெருமைகள் பல உண்டு. ஆயினும் நடுராத்திரியில் நின்றுபோன காரைக் கிளப்புவதற்கு அந்தப் பெருமைகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்பா எல்.எம்.பி. படித்த டாக்டர். 1962-ஆம் வருஷம் மதுரை வக்கீல் ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய கார், வங்காளத்து உத்தரபாராவில் 1958 முதல் உற்பத்தியாகி வந்த அம்பாஸிடர். நான்கு சிலிண்டர்களும் 1,489 சி.சி. கொள்ளளவும் உள்ள என்ஜின். புதுக் கார் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலமாகையால், பிறர் ஓட்டிக் களைத்த வண்டியையே அவர் வாங்கினார். ஓட்டத் தெரியுமே தவிர, பானெட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதில் அவர் சிரத்தை காட்டியதில்லை. பெட்ரோல், ஆயில், தண்ணீர் ஆகிய மூன்றையும் வேளாவேளைக்கு ஊற்றிவிட்டால் வண்டி ஓடக் கடமைப்பட்டது என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தம் மறு வருஷத்துக் கார்த்திகை மாதத்து அடைமழையில், ஓர் இரவில் கரைந்து போயிற்று. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணுக்காக ஆள் வந்து கூப்பிட, அப்பா புறப்பட்டுப் போனார். பாதி வழியில் வண்டி இருமத் தொடங்கி, இழுத்து இழுத்து ஓடி, ஒரு வாய்க்கால் பாலத்தருகே நின்றுவிட்டது. டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு பானெட்டைத் தூக்கிப் பார்த்தவருக்கு, அத்தனை வயர்களும் குழாய்களும் அந்நிய தேசத்து எழுத்துக்களைப் போல் இருந்தனவாம். மழையில் நடந்து, தோட்டத்துக் குடிசை ஒன்றில் மாட்டு வண்டி பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதமாகியிருந்தது. “தாய் பிழைத்தாள்” என்பதற்குமேல் அந்த இரவைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேஸ்திரி வந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரியடுப்பைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டிய நாட்களில் தொழில் பழகியவர். வெற்றிலைக் காவி ஏறிய பல்லும், கிரீஸ் ஏறிய விரல் நகமுமாக, அதிகம் பேசாத மனிதர். பிளக்கு ஒன்றைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முனைகளின் இடைவெளியை அப்பாவுக்குக் காட்டினார். பொறி விழுந்து விழுந்து உலோகம் தேய்ந்து, இடைவெளி இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அத்தனை அகலத்தைத் தாண்டிக் குதிக்கப் பொறிக்குத் திராணி இல்லை. போதாததற்கு டெல்கோ மூடிக்குள் மழை ஈரம் வேறு. “பத்து நிமிஷ வேலைங்கய்யா. மூவாயிரம் மைலுக்கு ஒருக்காக் கழட்டிப் பாத்திருந்தா ராத்திரி இந்தக் கதியில்லை” என்றார். அதில் நிந்தனை இல்லை. ஆனால் அப்பாவின் முகம் நிந்தனையைக் கேட்டவர் முகம்போல் ஆயிற்று. ஒரு உயிரின் சமாசாரம் பத்து நிமிஷ வேலையில் தொங்கிக்கொண்டிருந்ததை அவரால் ஜீரணித்துக்கொள்ள முடியவில்லை. அன்றே மேஸ்திரியிடம் சீடராகிவிட்டார்.

முதல் பாடம் திண்ணையிலேயே நடந்தது. பிளக்கைக் கையில் வாங்கிய அப்பா, அதன் மூக்கில் படிந்திருந்த அழுக்கைப் பார்த்ததும், டாக்டர்களுக்கே உரிய சுத்த உணர்ச்சியோடு, பக்கத்தில் கிடந்த காட்டன் வேஸ்டை எடுத்துத் துடைக்கப் போனார். மேஸ்திரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். டாக்டருடைய கையைப் பிடித்துத் தடுத்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“நாக்கைப் பாக்காம நீங்க மருந்து குடுப்பீகளா, டாக்டரய்யா?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் அப்பாவுக்கு என்ஜின் முழுவதும் விளங்கிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் அது அவருக்குத் தெரிந்த பாஷையில் கேட்கப்பட்ட கேள்வி. அந்நிய தேசத்து எழுத்துக்கள் அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் புரிபடத் தொடங்கின.

பிளக்கு என்பது சாமானியமான வஸ்து. பீங்கான் உறைக்குள் நடுவே ஒரு கம்பி. சுற்றிலும் மரையுள்ள இரும்புச் சட்டை. அந்தச் சட்டையிலிருந்து வளைந்து, நடுக் கம்பியின் தலைக்குமேல் குடைபோல் கவிந்து நிற்கும் மற்றொரு முனை. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாகப் பெருக்கி அனுப்ப, அது அந்த மயிரிழைச் சந்தைத் தாண்டிக் குதிக்கும்போது விழுகிற பொறிதான், சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டுக் காத்திருக்கும் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கிறது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும் என்ஜினில், ஒவ்வொரு பிளக்கும் ஒரு விநாடிக்கு 25 தடவை இந்தக் காரியத்தைச் செய்தாக வேண்டும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் என்ஜினீயர் ஹோனோல்டு என்பவர் 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்துக் கொடுத்த பிறகே மோட்டார் வண்டி நம்பத் தகுந்த வாகனமாயிற்று. அந்தக் கம்பெனியின் கூட்டுறவோடு 1951-இல் பெங்களூரில் ஏற்பட்ட மைகோ தொழிற்சாலையின் பிளக்குகள்தான் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைத்தன.

டெல்கோ என்ற பெயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுக்கும் சாதனத்துக்குப் புஸ்தகப் பெயர் டிஸ்டிரிபியூட்டர். அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் 1909-இல் கூட்டாளியோடு தொடங்கி, காயில் முறையை வழக்கத்துக்குக் கொண்டுவந்த கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. எந்தத் தேசத்து எந்தக் கம்பெனி செய்த டிஸ்டிரிபியூட்டர் ஆனாலும் நம் மேஸ்திரிகளின் வாயில் அது டெல்கோதான். அவர்கள் பேச்சில் கெட்டரிங்குக்குக் கிடைத்திருக்கும் ஞாபகச் சின்னம் அது. அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மேஸ்திரி சொல்லிக் கொடுத்த முறையை அப்பா ஓர் ஆபரேஷனுக்குரிய நியமத்தோடு அனுஷ்டித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஆரம்பம். முதலில் சைக்கிள் பம்பைக் கொண்டு பிளக்குகளின் அடிவாரத்துக் குழிகளில் தங்கியுள்ள தூசியை ஊதி அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கு கழன்றதும் அந்த மணல் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறிவிடும். பம்பு அடிப்பது என் வேலை. பிறகு, வயர்களைப் பிடுங்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று எண் எழுதுவார். பெட்டி ஸ்பேனரால் பிளக்குகளைக் கழற்றி, திண்ணையில் விரித்த பழைய செய்தித்தாளின்மேல் அதே வரிசையில் நிறுத்துவார். அதன் பிறகு சிறிது நேரம் ஒன்றும் செய்யமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாக நின்று பார்ப்பவரைப்போல், ஒவ்வொரு பிளக்கின் முன்னும் குனிந்து நின்று பார்ப்பார்.

நாக்கின் லட்சணங்களை அறிந்தவருக்கு இந்த லட்சணங்கள் எளிதில் மனனமாயின. பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக, பால் அதிகம் சேர்ந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். விளக்குச் சிம்னியில் படிகிற மாதிரி உலர்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்றுப் போதவில்லை; அஜீர்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் உஷ்ணம் மிஞ்சிவிட்டது. பெட்ரோல் குறைவோ, பொறி முந்தி விழுகிறதோ என்று விசாரிக்க வேண்டும். கறுத்து, ஈரமாகி, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் ஆயில் மேலேறி வந்து எரிகிறது. அது மட்டும் நல்ல அறிகுறியல்ல. இவ்வளவையும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே பெட்ரோலில் ஊறவைப்பதும், பித்தளைப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், பீங்கானின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைப்பதும் நடக்கும்.

கடைசியில் ஹாக்ஸா பிளேடு வரும். மேல் முனையை மட்டுமே மெல்லத் தட்டி வளைக்கலாம்; நடுக் கம்பியைத் தொட்டால் பீங்கான் வெடித்துவிடும். அப்பா பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, மேல் முனையை மரப்பலகைமேல் ஒரு தட்டுத் தட்டி, சந்தில் பிளேடைச் செருகி இழுத்துப் பார்ப்பார். தளர்வாகவும் ஓடக்கூடாது, பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. வெண்ணெயில் கத்தி போவதுபோல், லேசான ஒரு எதிர்ப்போடு வழுக்கிக்கொண்டு வரவேண்டும். மேஸ்திரி அதைத் ‘தடவிக்கிட்டு வரணும்’ என்பார். பின்னர் மதுரையிலிருந்து அசல் ஃபீலர் கேஜ் ஒன்றை அப்பா வாங்கினார். தகடு தகடாக விசிறிபோல் விரியும் அதில் 25 பங்குத் தகட்டையும் பிளேடையும் அடுத்தடுத்துச் செருகிப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று ஊர்ஜிதம் செய்துகொண்ட பிறகு, கேஜைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிளேடையே உபயோகித்தார். குருவின் வாக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்ற கூச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போதும் அவசரம் கூடாது. மரை நேராகப் பிடித்துக்கொண்டதா என்று விரலுக்குத் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது. ஆகவே பிளக்கு அடி வரை போய் உட்காரும் மட்டும் விரலால் சுற்றி, அதன்மேல்தான் ஸ்பேனரைப் போட்டு ஒரு சிறு முறுக்குக் கொடுப்பார். பலத்தைக் காட்டுகிற இடம் அதுவன்று.

இதையெல்லாம் இரண்டு வருஷம் பம்பு அடித்துக்கொண்டே பார்த்த எனக்கு, பதின்மூன்றாவது வயதில், இந்த வேலை முழுவதையும் நான் தனியாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. அப்பா ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் திருச்சி போயிருந்தார். வரும்போது அவரை அசத்திவிட வேண்டும் என்ற ஆசையில், நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். அவை எனக்கு மிகவும் அழுக்காகத் தோன்றின. பித்தளைப் பிரஷ் போதாதென்று, தச்சர் விட்டுப் போயிருந்த உப்புத்தாளை எடுத்து, பீங்கான் உட்பட எல்லாவற்றையும் ஒரு மத்தியானம் முழுவதும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். உப்புத்தாளின் துகள் சந்துகளில் புகுந்துகொள்ளும், சுரண்டப்பட்ட பீங்கானில் மறுபடியும் கரி சீக்கிரம் ஒட்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வயர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டவும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா வந்து, காப்பி குடித்துவிட்டு, ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி கிளம்பியது போலிருந்து, கார்ப்பரேட்டர் வழியாக ‘டமார்’ என்று வெடித்தது. தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. இரண்டாவது வெடிக்கு எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்தார். அப்பா இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினார், பிளக்குகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இரண்டாம் வயரும் மூணாம் வயரும் இடம் மாறியிருக்கு” என்றார். பிறகு அங்கேயே, ஒரு குச்சியால் மண்ணில் நான்கு கோடு கிழித்து, பொறி விழும் வரிசை 1-3-4-2 என்பதை விளக்கினார். ஒன்றும் நான்கும் சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டும் மூன்றும் அப்படியே. சேர்ந்து ஏறுகிற இரண்டில் ஒன்று ஆவியை அழுத்திக்கொண்டு பொறிக்குக் காத்திருக்கும். மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வால்வைத் திறந்து வைத்திருக்கும். நான் வயர் மாற்றியதால், காத்திருந்தவனை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தவன் வீட்டில் தீ வைத்தாயிற்று. வெடிக்காமல் என்ன செய்யும்?

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மூன்றாம் பிளக்கைக் கழற்றி, நான் பாடுபட்டு ஏற்றிய பளபளப்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன நிறமா இருந்தது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அழுக்காக இருந்தது என்பதுதான் தெரியும்.

“ஈரமா இருந்ததா, உலர்ந்து இருந்ததா?”

அதுவும் தெரியவில்லை. கொஞ்ச நாளாக வண்டி பின்னால் நீலப் புகை விடுகிறது, எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பதற்காக 500 மைல் ஓட்டிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன் என்று அவர் சொன்னார். அந்த 500 மைலையும் நான் ஒரு மத்தியானத்தில் உப்புத்தாளால் துடைத்து எறிந்திருந்தேன். அடித்திருந்தால் அது அன்றோடு மறந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. உள்ளே போய், நோயாளிகளின் விவரம் எழுதுகிற நீளப் பதிவேடுகளில் புதிது ஒன்றை எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, “இனிமே பார்த்து எழுதுறது உன் பொறுப்பு. எழுதினதுக்கு அப்புறம் துடை” என்றார்.

அந்தப் பதிவேட்டில் ‘பெயர்’ என்று அச்சிட்ட இடத்தில் நம்பர் 1 முதல் 4 வரையும், ‘வயது’ என்ற இடத்தில் ஓடிய மைலும், ‘உபாதை’ என்ற இடத்தில் நிறமும் எழுதினேன். 500 மைலுக்குப் பிறகு மூன்றாம் நம்பர் தன்னைக் காட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் காப்பி நிறமாக இருக்க, அது மட்டும் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. மேஸ்திரி பார்த்தார். “பிளக்கெ மாத்திப் புண்ணியமில்லைங்கய்யா. ரிங்கு தேஞ்சு போச்சு. அது சொல்லுது, அவ்வளவுதான்” என்றார். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்தால், அடியிலிருந்து ஆயில் கசிந்து மேலே வரும். புதுப் பிளக்கைப் போட்டாலும் சில நாளில் அதுவும் நனைந்துவிடும். என்ஜினை இறக்கிப் பிரித்தால்தான் தீரும். அதற்கு வேண்டிய பணமும், வண்டியில்லாமல் ஒரு மாதம் இருக்கக்கூடிய சௌகரியமும் அப்பாவிடம் இல்லை. ஆயிலைச் சுட்டு எரித்துக்கொள்ளும் தன்மையுள்ள ‘ஹாட் பிளக்’ ஒன்றை மூன்றாம் நம்பருக்கு மட்டும் போட்டு, மூவாயிரத்துக்குப் பதில் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்து, நாட்களை ஓட்டிக்கொள்வது என்று இருவரும் கலந்து முடிவு செய்தார்கள். நாள்பட்ட நோயாளிக்குப் பத்தியம் சொல்வது போன்ற ஏற்பாடு. நாளடைவில் ‘மூன்றாம் நம்பர்’ என்பது எங்கள் வீட்டுப் பேச்சில், தீராது ஆனால் சமாளிக்கலாம் என்கிற எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. பாட்டியின் முழங்கால் வலி மூன்றாம் நம்பர். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் மூன்றாம் நம்பர்.

பதிவேடு எனக்குக் கற்றுத் தந்த மற்றொன்றை அறிந்துகொள்ள ஒரு மலைப் பிரயாணம் வேண்டியிருந்தது. 1966 மே மாதத்தில் என் தாய்மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோரும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். விடியற்காலையில் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பி, மலை ஏறத் தொடங்கி, டம்டம் பாறையைத் தாண்டியதும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் மூச்சு வாங்கி, கறுப்புப் புகை கக்கி, ஊத்துக்கு அருகில் நின்றுவிட்டது.

மாமா மோட்டார் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். “மூணாம் நம்பர்தான், அத்தான். டிக்கியிலே புதுப் பிளக்கு இருக்கில்லே, நாலையும் மாத்திடுவோம்” என்றார். அப்பா பெட்டி ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். சூட்டில் விரல் பொள்ள, துணி சுற்றிக்கொண்டு நான்கையும் கழற்றி, மைல்கல்லின்மேல் வரிசையாக நிறுத்தினேன். நான்கும் ஒரே கறுப்பு. ஈரமில்லாத, மெத்தென்ற, அடுப்புக்கரிக் கறுப்பு. மூன்றாம் நம்பருக்கும் மற்றவற்றுக்கும் அன்று வித்தியாசமே தெரியவில்லை.

வத்தலக்குண்டில் ஒரு கோடையில் வாந்திபேதி கண்டபோது அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. “ஒருத்தனுக்கு வந்தா அவன் என்ன சாப்பிட்டான்னு கேளு. தெருவுக்கே வந்தா கிணத்தைப் பாரு.” நான்கு பிளக்குகளும் ஒரே நாளில் ஒரே மாதிரி நோய்ப்பட்டால் குற்றம் பிளக்குகளில் இல்லை, நான்கும் தண்ணீர் குடிக்கிற கிணற்றில் இருக்க வேண்டும். என்ஜினுக்குக் கிணறு கார்ப்பரேட்டர். குனிந்து பார்த்தேன். டாஷ்போர்டில் சோக் குமிழ் ஒழுங்காக உள்ளே தள்ளப்பட்டிருந்தது. ஆனால் மறு கோடியில், கேபிள் துருப்பிடித்து இறுகி, கார்ப்பரேட்டரின் நெம்புகோல் பாதி இழுபட்ட நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து என்ஜின் அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே ஏறியிருக்கிறது. சமவெளியில் அதை ஒருவாறு சகித்துக்கொண்டது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஏறக்குறைய 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் அதன் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், காற்றும் குறைந்தால் கரிதான் மிஞ்சும். புதுப் பிளக்குகளைப் போட்டிருந்தால், பெருமாள்மலை போவதற்குள் அவையும் கறுத்திருக்கும்.

நெம்புகோலை விரலால் தள்ளி, இரண்டு சொட்டு ஆயில் விட்டேன். பிளக்குகளைத் துடைத்து, பிளேடு ஓட்டிப் பார்த்து மாட்டினேன். அப்பா ஸ்டார்ட்டரை இழுத்தார். முதலில் ஒரு கறுப்பு இருமல். பிறகு என்ஜின் சுருதி சேர்ந்த மாதிரி ஓடியது. மாமா, “பரவாயில்லையே” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிய பிறகு, “எழுதிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்பாஸிடர் 1970-களின் நடுவில் வேறு கைக்குப் போயிற்று. அதற்குள் அதன் மூன்றாம் நம்பரைப் பற்றி இரண்டு பதிவேடுகள் நிரம்பியிருந்தன. மேஸ்திரி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இன்று நான் வைத்திருக்கும் காரில், பிளக்குகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதற்கே ஒரு மூடியையும், அதன் கீழ் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் உட்கார்ந்திருக்கும் தனித்தனிக் காயிலையும் அகற்ற வேண்டும். டெல்கோ இல்லை; கார்ப்பரேட்டர் இல்லை; சோக் இல்லை. பிளக்கின் முனை ஊசிபோல் மெலிந்த இரிடியம். அதைத் தட்டி வளைக்கக்கூடாது என்று கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது, வளைக்க வேண்டிய அவசியமும் ஏற்படுவதில்லை. நடுராத்திரியில் மழையில் நின்றுபோகிற வண்டி என்பது குழந்தைகளுக்குச் சொல்லும் கதையாகிவிட்டது. இதற்காக வருத்தப்படுவது அந்தக் கார்த்திகை மாதத்து இரவை மறந்தவர்களால் மட்டுமே முடியும், என்னால் முடியாது.

அப்பா தம்முடைய எண்பத்திரண்டாவது வயதில் ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசி வாரம். தினம் காலையில் ஓர் இளம் டாக்டர் வருவார்; மரியாதை தெரிந்த, நல்ல பிள்ளை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு, “இன்னும் ஒரு டெஸ்ட் பாத்துடலாம், ஐயா” என்று போவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தக் காகிதங்களில் இருந்தது. அப்பா அவர் போகும் வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், அப்பா கண்ணைத் திறந்து, என்னைப் பக்கத்தில் வரும்படி ஜாடை காட்டினார். குனிந்தேன். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்தேன். அவர் நாக்கை வெளியே நீட்டினார். கரண்டிக்காகக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் நீட்டியபடியே இருந்தார்.

ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பி, வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“மூணாம் நம்பர் மாதிரி இருக்குப்பா.”

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். உதட்டோரம் சற்று அசைந்தது.

“அப்போ பிளக்கை மாத்தச் சொல்லாதே” என்றார்.